குமரிக்குத் தெற்கே கடலடியில் பிறந்த கல்

தமிழ்ச் சங்க மலர் எதை எடுத்துப் புரட்டினாலும் குமரிக்கண்டம் பற்றி ஒரு கட்டுரையாவது கண்ணில் படும். தமிழகத்துக்கு வெளியே வாழ்கிற நமக்கு அந்தப் பெயரின்மேல் தனிப் பாசம் உண்டு. அம்பூரி, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களைச் சேர்ந்த எங்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரே மலைத்தொடரின் ஒரு சரிவில் இருப்பவர்கள் ஒரு மாநிலம், மறு சரிவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வேறு மாநிலம். கோடு போட்டு நிலம் பிரிந்ததைக் கண்டவர்களுக்கு, கடல் வந்து நிலம் போன கதை சீக்கிரம் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்தக் கடலின் அடித்தளத்தை மனிதன் துழாவிப் பார்க்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே என்ன கல் கிடைத்தது, அது எப்படி உண்டானது, அதை யார் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாற்றை நம் மலர்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் உலகையே திருப்பிப்போட்ட ஒரு சான்று நம்ம அரபிக்கடலிலிருந்துதான் கிடைத்தது என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலடியில் இருக்கும் கல்

முதலில் நம் ஊர்க் கல்லைப் பார்ப்போம். அம்பூரிப் பக்கத்து மலைகள் அகத்திய மலைத் தொகுதியைச் சேர்ந்தவை. இங்கே குவாரிகளில் உடைத்து எடுக்கும் கல்லைக் 'கருங்கல்' என்று சொல்கிறோம். நிறத்தைப் பார்த்து எரிமலைக் கல் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் இது எரிமலை கக்கிய கல் அல்ல. இங்குள்ள முக்கியமான பாறைகள் கோண்டலைட், சார்னோக்கைட் என்னும் இரண்டு வகை. ஒரிசாவின் கோண்டு பழங்குடியினரின் பெயரால் வந்தது கோண்டலைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து, 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் சார்னோக்கைட். சென்னைக்கு அருகே பல்லாவரம் மலையில் உள்ளதும் அந்த வகைக் கல்தான்.

நம் மலைப் பாறைகள் இன்றைய உருவத்தை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், பழைய பாறைகள் வெந்து மாறி உண்டானவை இவை. மேலே இருந்த பாரமெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோன பிறகே வெளியே தலை காட்டின. அந்தக் கரைதல் இன்னும் நிற்கவில்லை. கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, கலர் கலரான மணல், அதில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இந்த மாதிரிப் பாறைகள் உதிர்ந்து வந்த பொடிதான் அது. 2001 நவம்பர் 9ஆம் தேதி இரவு அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று சரிந்தது, பழம்பாறை உளுத்து உண்டான மண்ணும் அதோடு வந்த கல்லும்.

ஆக, நாம் நிற்கும் நிலம் மிகப் பழையது. இதை மனசில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவோம்.

லெமூரியா வந்த வழி

1864இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் செயலாளராக இருந்த பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் பாலூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர் என்ற விலங்கு ஏராளம். அதன் உறவினமான தேவாங்கு நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இடையிலோ பெருங்கடல். நீந்தத் தெரியாத பிராணி எப்படிக் கடல் தாண்டியது? முன்னொரு காலத்தில் இடையில் ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஊகம்தான். கண்டங்கள் நகரும் என்று யாருக்கும் தெரியாது. வெக்னர் அதைச் சொன்னதே 1912இல்.

இந்த லெமூரியா ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் வழியாகவும், பிறகு பிரம்மஞான சபையார் வழியாகவும் ஊர் சுற்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் அறிஞர்களிடம் வந்து சேர்ந்தது. நம்மிடமோ ஏற்கெனவே கடல்கோள் மரபு இருந்தது. பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. இறையனார் களவியல் உரை, முதல் இரண்டு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது என்கிறது. அடியார்க்குநல்லார் அந்த நிலத்துக்கு 49 நாடுகள் என்று கணக்கே தருகிறார். இந்த மரபும் ஸ்கிளேட்டரின் ஊகமும் ஒன்றாகக் கலந்தபோது, கடல் கொண்ட பாண்டிய நிலம் ஒரு முழுக் கண்டமாக வளர்ந்தது. கந்தபுராணத்தில் பாரதத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றின் பெயராக வரும் 'குமரிக்கண்டம்' என்ற சொல்லும் அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கடலடியில் ஒரு மலைத்தொடர்

புத்தகத்தில் கண்டம் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கப்பலில் ஆழம் பார்க்கும் வேலையும் நடந்தது. 1928 முதல் 1930 வரை 'டானா' என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றியது. தலைவர் யோஹன்னஸ் ஷ்மிட். செலவைக் கொடுத்தது கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளை. ஆமாம், பீர் தயாரிக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்தான். அந்தக் கப்பல் அரபிக்கடலின் அடியில் ஒரு பெரிய மேடு இருப்பதைக் கண்டது. அதனால் அதற்குக் கார்ல்ஸ்பெர்க் மலைமுகடு என்று பெயர். நம் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து மேற்கே 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் அது இருக்கிறது.

அடுத்து 1933-34இல் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பலில் ஜான் மர்ரே ஆய்வுப் பயணம் நடந்தது. தலைவர் சீமோர் சிவெல், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். இவர்கள் அந்த மேட்டின் உச்சியில் நீளமாக ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார்கள். கடலடியில் வலை போட்டு இழுத்துக் கல்லும் எடுத்தார்கள். அந்தக் கற்களை ஆராய்ந்து வைஸ்மன் 1937இல் வெளியிட்ட முடிவு: அவை பசால்ட். அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கல்.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அம்பூரி மாதிரி ஒரு நிலப்பகுதி அங்கே முழுகிக் கிடந்தால், வலையில் கோண்டலைட்டோ கிரானைட்டோ வந்திருக்கும். வந்தது பசால்ட். கண்டத்தின் கல் வேறு, கடல்தரையின் கல் வேறு. கண்டப் பாறை கனம் குறைந்தது, தடிமனோ 35, 40 கிலோமீட்டர். கடல்தரைப் பாறை கனமானது, தடிமன் 6, 7 கிலோமீட்டர்தான். கட்டுமரம் மாதிரி, கண்டம் மிதந்துதான் நிற்கும். அது ஓரத்தில் நனையலாம், உடையலாம், பிரிந்து போகலாம். முழுசாக நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு முழுகிப் பசால்ட்டாக மாற வழியில்லை.

1962: 'ஓவன்' கப்பல் கொண்டுவந்த செய்தி

1959 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தின. நம் நாட்டிலிருந்து ஐ.என்.எஸ். கிஸ்ட்னா கலந்துகொண்டது. இந்த ஆய்வின் பலனாக 1966 ஜனவரி 1இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. கோவாவில் உள்ள அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் கோட்டயத்தில் பிறந்த என்.கே. பணிக்கர்.

அந்த ஆய்வின் ஒரு பகுதியாக 1962இல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் கார்ல்ஸ்பெர்க் முகட்டின்மேல் காந்தமானியை இழுத்துக்கொண்டு போனது. கப்பலில் இருந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரம்மண்ட் மேத்யூஸ். அவர் கொண்டுவந்த கணக்கை ஆராய்ந்தவர் அவரிடம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் பிரெட் வைன். பசால்ட்டில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது கலந்திருக்கும். குழம்பு ஆறும்போது பூமியின் காந்தத் திசையை அது அப்படியே பதிந்துகொள்ளும். பூமியின் காந்தப்புலமோ நீண்ட கால இடைவெளிகளில் வடக்கு தெற்காகத் தலைகீழாகப் புரண்டு வந்திருக்கிறது. வைன் கணக்குப் போட்டபோது, முகட்டின் மேலிருந்த இரண்டு கடல்மலைகளில் ஒன்று இன்றைய திசையிலும் மற்றது தலைகீழான திசையிலும் காந்தம் ஏறியிருந்தது.

இதற்கு என்ன பொருள்? முகட்டின் நடுவில் புதுக் கல் பிறக்கிறது. பிறந்த கல் இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. அடுத்த குழம்பு நடுவில் வந்து நிரப்புகிறது. ஒவ்வொரு காலத்துக் காந்தத் திசையும் இரு பக்கமும் கரைபோட்ட வேட்டி மாதிரி பட்டை பட்டையாகப் பதிகிறது. கடல்தரை விரிகிறது என்று அமெரிக்க அறிஞர் ஹாரி ஹெஸ் 1962இல் சொல்லியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க வழி காட்டியது வைனும் மேத்யூஸும் 1963 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை. கனடாவின் லாரன்ஸ் மார்லியும் தனியாக இதே கருத்துக்கு வந்தார். ஆனால் அவர் கட்டுரையை இதழ்கள் ஏற்கவில்லை. இன்று பள்ளிப் புத்தகங்களில் இருக்கும் புவித்தட்டுக் கொள்கைக்கு அடித்தளமான சான்றுகளில் இது முக்கியமானது.

கல் எப்படிப் பிறக்கிறது?

பூமியின் உட்பகுதி முழுக்கக் குழம்பாகக் கொதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் காலடிக்குக் கீழே உள்ள மூடகம் பெரும்பாலும் திடமான கல்தான். கடும் சூடு இருந்தும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடானாலும் அழுத்தத்தினால் திரவமாகவே நிற்கிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் குபீரென்று பொங்கும். அதேபோல, புவித்தட்டுகள் விலகும் இடத்தில் கீழுள்ள சூடான கல் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. புதிதாகச் சூடு ஏற்றாமலேயே அதில் ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. அந்த உருகிய பங்குதான் பசால்ட் குழம்பு.

சுமார் 1,200 டிகிரி சூட்டில் மேலே வரும் குழம்பு, உறையும் நிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கிற கடல்நீரில் வந்து விழுகிறது. நம் பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பதம் பார்க்கக் கொதிக்கும் பாகில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். உடனே மேலே தோல் கட்டி உருண்டுகொள்ளும். கடலடியிலும் அப்படித்தான். குழம்பு தோல் கட்டி உருண்டு தலையணை மாதிரி ஆகிறது. உள்ளே இன்னும் இளகியிருக்கும் குழம்பு தோலைப் பிளந்து அடுத்த தலையணையைத் தள்ளுகிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதற்குத் தலையணைப் பாறை என்றே பெயர். சட்டென்று ஆறியதால் அதன் வெளித்தோல் கண்ணாடி போலிருக்கும். அதற்குக் கீழே, குழம்பு ஏறிவந்த பிளவுகள் உறைந்து, அலமாரியில் புத்தகம் அடுக்கியது போல நெட்டுக்குத்தாக நிற்கும். அதற்கும் கீழே, அவசரமில்லாமல் ஆறிய குழம்பு பெரிய பெரிய படிகங்கள் உள்ள காப்ரோ என்ற பாறையாகும். மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒரே குழம்பின் பிள்ளைகள்தான். ஆறிய வேகம்தான் வேறு.

கார்ல்ஸ்பெர்க் முகடு ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் விரிகிறது. நகம் வளரும் வேகத்தை விடக் கொஞ்சம் குறைவு. 1956இல் எல்லை போட்டதிலிருந்து இன்றுவரை கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குப் புதுக் கடல்தரை அங்கே உண்டாகியிருக்கிறது.

கடல்மலைகளும் லட்சத்தீவும்

தட்டுகள் பிரியும் முகட்டில் மட்டும் எரிமலைக் கல் பிறப்பதில்லை. தட்டின் நடுவிலும் சில இடங்களில் ஆழத்திலிருந்து கூடுதல் சூடு ஏறிவந்து தட்டைத் துளைக்கும். அடுப்பு நின்ற இடத்தில் நிற்க, மேலே தகடு நகர்ந்துகொண்டே போனால், தகட்டில் வரிசையாகச் சூட்டுத் தழும்பு விழும் அல்லவா? அப்படி விழுந்த வரிசை நம் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பசால்ட் பாய்ந்து மகாராஷ்டிராவின் மலைகளை உண்டாக்கியது. இந்தியா வடக்கே நகர, அதே அடுப்பு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கு நோக்கி எரிமலை மலைத்தொடரை உண்டாக்கிக்கொண்டே போனது. இன்று அந்த அடுப்புக்கு மேலே இருப்பது ரீயூனியன் தீவு. அங்கே எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

லட்சத்தீவில் போய் நின்றால் பசால்ட்டைப் பார்க்க முடியாது. பவளம்தான் தெரியும். எரிமலை முழுகிப்போக, அதன் தலையில் பவளப்பூச்சிகள் கட்டிய வீடுதான் தீவு. 1987இல் சர்வதேசக் கடல்துளைப்புத் திட்டத்தார் இந்தத் தொடரில் துளை போட்டு அடியிலிருந்த எரிமலைக் கல்லை எடுத்தார்கள். வயது மாலத்தீவுப் பக்கம் சுமார் 5.7 கோடி, சாகோஸ் பக்கம் சுமார் 4.9 கோடி ஆண்டு. தெற்கே போகப் போகக் கல் இளமையாகிறது. அரபிக்கடலின் கிழக்குப் பகுதியில் முழுகிக் கிடக்கும் கடல்மலைகளுக்கு ராமன், பணிக்கர், வாடியா என்று நம் அறிஞர்களின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் குமரிக்கண்டம்?

இதையெல்லாம் ஒருநாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மருமகள் முறைப் பெண் கேட்டாள்: "மாமா, அப்போ நாம படிச்சதெல்லாம் பொய்யா?"

"பொய்யின்னு சொல்லாதே மக்களே. ரெண்டு விஷயத்தைத் தனித்தனியாப் பாரு" என்றேன்.

ஒன்று, கடல் கொண்ட நிலம் பற்றிய இலக்கிய மரபு. அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. கடல் நிலத்தை எடுக்கும் என்பது நமக்குக் கண்கண்ட உண்மை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை எடுத்தது. 2004 டிசம்பர் 26இல் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டை மறக்க முடியுமா? சுமாத்ரா அருகே கடல்தரைத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புகும் இடத்தில் உண்டான அதிர்ச்சி அது. முகட்டில் பிறக்கும் கடல்தரை அப்படிப்பட்ட இடங்களில்தான் மறைகிறது. இன்னும் பின்னால் போனால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிக்குத் தெற்கே மீனவர் நன்கறிந்த வாட்ஜ் கடல்மேட்டின் ஆழம் குறைந்த பகுதிகள் அன்று தரையாக இருந்திருக்கும். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. நம் நூல்கள் குறிப்பது இதைத்தான் என்று சாதிக்கச் சான்றில்லை. ஆனால் கரையோர நிலம் கடலில் போனது மட்டும் உறுதி.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெருங்கண்டம். அதற்குத்தான் கடல்தரைக் கல் இடம் கொடுக்கவில்லை. அம்பூரிப் பாறைக்கு 55 கோடி வயது. உலகக் கடல்தரையில் அநேகமாக எங்கும் 20 கோடிக்கு மேல் வயதான கல்லே கிடையாது. அங்கே பழைய நிலம் முழுகவில்லை, புதிய தரை பிறந்திருக்கிறது.

சிலர் சீஷெல்ஸ் தீவைக் காட்டுவார்கள். அங்கே கிரானைட் இருப்பது உண்மை. 2017இல் மொரீஷியசின் எரிமலைக் கல்லுக்குள் 300 கோடி ஆண்டு வயதான சிர்க்கான் துகள்கள் கிடைத்ததும் உண்மை. இவை பழைய கோண்டுவானாப் பெருநிலம் உடைந்தபோது சிதறிய துண்டுகள். இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், இந்தியாவும் சீஷெல்சும் 6 கோடிக்கு முன்பும் பிரிந்துவிட்டன. மனிதன் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அந்தப் பிரிவைப் பார்த்த சங்கப் புலவர் யாரும் இருக்க முடியாது.

ஆனால் ஸ்கிளேட்டர் தேடிய உறவு வேறு வழியில் உண்மையாகவே இருக்கிறது. நம் மலையின் கோண்டலைட், சார்னோக்கைட் வகைப் பாறைகள் இலங்கையின் நடுமலைநாட்டிலும் உண்டு, தெற்கு மடகாஸ்கரிலும் உண்டு. நெடுமங்காடு பக்கத்து வெள்ளநாட்டில் ஒருகாலத்தில் வெட்டியெடுத்த கிராஃபைட், இலங்கையில் இன்றும் வெட்டும் கிராஃபைட்டின் சகோதரம். மூன்று இடமும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. நிலம் முழுகவில்லை, பிரிந்து போயிருக்கிறது. பிரிந்த இடைவெளியில் பிறந்ததுதான் கடல்தரைப் பசால்ட்.

இன்றைக்கு இது ஏன் வேண்டும்?

இது பழங்கதை மட்டுமில்லை. முகடுகளில் கடல்நீர் பிளவுக்குள் இறங்கிச் சூடாகித் தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வந்து வெளியே கொட்டுகிறது. இந்தியா 2016இலும், பிறகு கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கென்றே 2025இலும், சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்த உலோகப் படிவங்களைத் தேட ஒப்பந்தம் செய்தது. இலங்கைக்குத் தெற்கே உள்ள அஃபனாசி நிகிதின் கடல்மலையின் கோபால்ட் படிவுக்கு இந்தியா 2024 ஜனவரியில் ஆய்வு உரிமை கேட்டது. இலங்கையும் அந்தப் பகுதியைத் தன்னுடையது என்கிறது. ஆக, கடலடியிலும் எல்லைப் பேச்சு தொடங்கிவிட்டது. எல்லை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்கும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. நம் பிள்ளைகள் அதில் வேலைக்குப் போகும் காலம் இது.

வெளியூரில் தமிழ் வளர்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நம் மொழியின் பெருமைக்கு முழுகிய கண்டத்தின் சாட்சி வேண்டியதில்லை. தொல்காப்பியமும் சங்கப் பாட்டும் கையில் இருக்கின்றன, அவை போதும். ஆதாரமில்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை கல்லூரியில் நிலவியல் படிக்கும் நாளில், நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகப்படும். கடல்கோள் கதையைச் சிலப்பதிகாரத்தில் படிக்கச் சொல்லுங்கள். கடல்தரையின் கதையை 'டானா', 'மபாஹிஸ்', 'ஓவன்' கப்பல்கள் கொண்டுவந்த கல்லிலும் கணக்கிலும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, தமிழையும் விடாது, அறிவியலையும் விடாது.